நேட்டாலுக்குக் கப்பலேறிய முன்னோரைத் தேடுவது எப்படி

தென்னாப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்த தமிழர் ஒருவர் தம் பூட்டனின் சொந்த ஊரைத் தேடத் தொடங்கும்போது, பெரும்பாலும் அவர் கையில் இருப்பது ஒரு குடும்பப்பெயர் மட்டுமே. கோவெண்டர், மூட்லி, நாயுடு, படையாச்சி, முன்சாமி என்று ஏதோ ஒன்று. அந்தப் பெயரைக் கணினியில் இட்டுத் தேடுவார். நூற்றுக்கணக்கில் வந்து விழும் அல்லது ஒன்றுமே வராது. தமிழ்நாட்டில் இருக்கும் உறவினரோ நண்பரோ உதவ முன்வந்தாலும் அவரும் அதே பெயரைப் பிடித்துக்கொண்டுதான் அலைகிறார். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குச் சென்றவர்களைப் பொறுத்தவரை பெயர் என்பது தேடலின் கடைசிப் படியில் உதவுவது. முதற்படியில் வேண்டியது ஓர் எண்.

1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் குடியேற்ற நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியர்கள் 1,52,184 பேர். முதற்கப்பலான ட்ரூரோ 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்டு, அந்த ஆண்டு நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தவர்கள் 342 பேர். மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகவும், மீதிப்பேர் கல்கத்தா வழியாகவும் சென்றார்கள். இறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, வரிசையாக ஓர் எண் கொடுக்கப்பட்டது. குடியேற்ற எண் என்று அழைக்கப்பட்ட அந்த எண், அவர் அந்த மண்ணில் இருந்த காலமெல்லாம் அவரைத் தொடர்ந்தது. ஒப்பந்தம் முடிந்த விடுவிப்புச் சான்று, திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்களுக்கு விதித்த மூன்று பவுண்டு வரியைக் கட்டிய ரசீது, இறப்புப் பதிவு ஆகிய எல்லாவற்றிலும் அவருடைய பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கலாம். எண் ஒன்றாகவே இருக்கும்.

ஆகவே தேடலை இன்றிலிருந்து பின்னோக்கி நடத்த வேண்டும். தாத்தா, பாட்டி தலைமுறையின் பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகளை முதலில் திரட்டுங்கள். இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரியின் அலுவலகம் பதிந்த சான்றுகளில் பெற்றோரின் எண் குறிக்கப்பட்டிருப்பது வழக்கம். மணமகளின் பெயருக்கு அருகே இன்ன எண்ணுடையவரின் மகள் என்று எழுதியிருப்பதைப் பல சான்றுகளில் காணலாம். வீட்டில் பழைய தகரப் பெட்டியோ, சாமி படத்துக்குப் பின்னால் சொருகிய உறையோ இருந்தால் அதையும் விடாதீர்கள். கசங்கிய துண்டுக் காகிதத்தில் நான்கு முதல் ஆறு இலக்கம் வரையிலான எண் ஒன்று இருந்தால், அதற்குக் கீழே எழுதியிருப்பது புரியாவிட்டாலும் அதுதான் சாவி. சொத்து வைத்துவிட்டு இறந்தவர்களுக்கு வாரிசுக் கோப்புகள் உண்டு. பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் உள்ள அந்தக் கோப்புகளில் பெரும்பகுதியை ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். அவற்றிலுள்ள இறப்பு அறிவிப்பில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், பிள்ளைகளின் பெயர்கள் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருக்கும். பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'இந்தியா' என்று ஒரே சொல்லை எழுதி முடித்திருப்பார்கள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலுக்காகத்தான் அந்தத் தாள் பயன்படும். மற்ற கோப்புகளுக்குத் தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையைத் தேடிப் பார்த்து, தலைப்பும் கோப்பு எண்ணும் குறித்துக்கொண்டு, டர்பனிலோ பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலோ உள்ள காப்பகத்தில் நேரில் அல்லது ஆள் வைத்துப் பார்க்க வேண்டும்.

எண் கிடைத்தபின் கப்பல் பட்டியலுக்குப் போகலாம். டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் இந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றினார்கள்; அந்தப் பல்கலைக்கழகம் பின்னர் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் இணைந்துவிட்டது, பட்டியல்கள் உள்ள அதன் ஆவண மையத்துக்குக் காந்தி-லுதூலி ஆவண மையம் என்று பெயர். எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலில் உள்ள அடையாளம், உயரம், ஒப்படைக்கப்பட்ட முதலாளி என ஒருவரைப் பற்றிய ஒரு முழு வரி அதில் இருக்கும். தாலுகாவுக்கு உரிய பத்தியின் தலைப்பில் 'தானா' என்று இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். வட இந்தியாவில் காவல் நிலைய எல்லையைக் குறித்த சொல் அது. சென்னையிலிருந்து சென்றவர்களுக்கு அந்தக் கட்டத்தில் தாலுகாவை எழுதினார்கள்.

எண்ணைப் பார்த்த உடனேயே காலத்தையும் ஓரளவு கணிக்கலாம். 1860-66 காலத்தில் வந்தவர்கள் 6,445 பேர் மட்டுமே. அதன்பின் குடியேற்றம் நின்று, 1874இல்தான் மீண்டும் தொடங்கியது. உங்கள் பூட்டனின் எண் ஐயாயிரத்துக்குள் இருந்தால் அவர் தாது வருடப் பஞ்சத்துக்கு முந்தியவர். பஞ்சத்துக்குப் பயந்து போனார் என்று குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை அவருக்குப் பொருந்தாது. பஞ்சக் கதை உண்மையானால் எண் 1876-78க்கு ஒத்து வர வேண்டும். இப்படிக் கதையையும் எண்ணையும் மோதவிட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டும் ஒத்துவராதபோது, கதை பெரும்பாலும் குடும்பத்தின் வேறொரு கிளையைச் சேர்ந்ததாக இருக்கும். அந்தக் கிளையையும் தேடலாம்.

ஒரு எண்ணோடு நின்றுவிடாதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் இருபது வரிகளையாவது படியுங்கள். கணவன், மனைவி, பிள்ளைகள் அடுத்தடுத்த எண்களில் இருப்பார்கள். ஒரே ஊரிலிருந்து ஒரே ஆள்பிடிப்பவரிடம் சேர்ந்தவர்களும் அருகருகே வருவதுண்டு. உங்கள் பூட்டனின் ஊர்ப் பெயர் படிக்க முடியாமல் இருந்து, மூன்று வரி தள்ளி அதே தாலுகாக்காரர் ஒருவருக்கு அதே ஊர் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் அந்த நாள் உங்களுக்கு நல்ல நாள்.

இனி பெயருக்கு வருவோம். தமிழ் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை இங்கேதான் இருக்கிறது. டர்பனில் எத்தனை திறமையான ஆய்வாளர் இருந்தாலும் தமிழ் தெரியாவிட்டால் இந்த இடத்தில் திணறுவார். கூலியாகப் பதிந்தவர் தம் பெயரை வாயால் சொன்னார். குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினார். அதைப் பார்த்து இன்னொருவர் நேட்டாலில் பிரதி எடுத்தார். நூறாண்டு கழித்து வேறொருவர் அந்தக் கையெழுத்தைப் படித்துக் கணினியில் ஏற்றினார். எனவே பட்டியலில் உள்ள பெயரைக் கண்ணால் படிக்கக் கூடாது. உரக்கச் சொல்லிக் காதால் கேட்க வேண்டும்.

ஆங்கில எழுத்தில் குறில், நெடில் வேறுபாடு நிலையாக இல்லை. ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். ர, ற ஒன்றாகிவிடும். ட, த இரண்டுக்கும் ஒரே எழுத்து. அக்காலத்து வழக்கப்படி அகரத்தை 'யு' எழுத்தால் குறித்தார்கள். பழனியைப் 'புல்னி' என்று எழுதியதை நினைவில் கொண்டால் இது விளங்கும். சொல்லின் முதலில் வரும் ககரத்துக்குச் 'சி', 'கே', 'ஜி' என்ற மூன்று எழுத்துகளில் எதுவும் வரலாம். குப்பனைத் தேடுபவர் மூன்று இடங்களில் தேட வேண்டும். சுப்பனை 'எஸ்' எழுத்திலும் 'சி' எழுத்திலும் தேட வேண்டும். இன்று டர்பனில் குடும்பப்பெயராக வழங்கும் 'சூப்ரமணி' நம் சுப்பிரமணிதான், 'கிஸ்டன்' கிருஷ்ணன், 'ஆர்ச்சரி' ஆசாரி, 'பாத்தர்' பத்தர், 'ஓடையார்' உடையார், 'மூட்லி' முதலி. கவுண்டர் என்பதன் நடுவில் ஒரு 'வி' புகுந்து கோவெண்டர் ஆனது. கையெழுத்துப் பிழை இதற்கு மேல் வரும்: 'என்' எழுத்தும் 'யு' எழுத்தும், 'எல்' எழுத்தும் 'எஸ்' எழுத்தும், 'டி' எழுத்தும் 'எஃப்' எழுத்தும் பழைய கையெழுத்தில் ஒன்றுபோலவே தோன்றும்.

குடும்பப்பெயர் என்ற வழக்கம் நம்மவரிடம் இருக்கவில்லை என்பதை மறந்துவிடுவதால் வரும் சிக்கல் இன்னும் பெரியது. கப்பலேறியவர் வெறும் முனுசாமி. தந்தை பெயர் சின்னப்பன். நேட்டாலில் பிறந்த மகன் பள்ளியில் சேரும்போதோ நிலம் வாங்கும்போதோ குடும்பப்பெயர் கேட்டார்கள். அவன் முன்சாமி என்று தந்தை பெயரைக் கொடுத்தான். அவன் தம்பி சாதிப் பட்டத்தைக் கொடுத்தான். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு குடும்பப்பெயர்களோடு இரண்டு வம்சமாகப் பிரிந்துபோனார்கள். ஆகவே இன்றைய குடும்பப்பெயர் கப்பல் பட்டியலில் ஆளின் பெயராக இருக்கலாம், தந்தை பெயராக இருக்கலாம், எங்குமே இல்லாமலும் இருக்கலாம்.

சாதிக் கட்டத்தில் எழுதியிருப்பதும் இப்படித்தான். தொடக்க காலப் பட்டியல்களில் தமிழர் என்ற பொருளில் 'மலபார்' என்றும் தெலுங்கர் என்ற பொருளில் 'ஜென்டூ' என்றும் எழுதி வேலையை முடித்திருக்கிறார்கள். கடல் கடந்தபின் பட்டத்தை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு; அதை இழிவாகப் பேசுவதற்கு நமக்கு எந்த உரிமையும் இல்லை, அப்படி மாற்றிக்கொள்ள அவர்களுக்கு இங்கே வழி இருக்கவில்லை. பட்டியலில் உள்ள சாதியும் குடும்பம் சொல்லும் சாதியும் வேறுபட்டால், எண்ணும் தந்தை பெயரும் ஒத்துவருகின்றனவா என்று மட்டும் பாருங்கள். வேறுபாட்டைக் குடும்பத்தாரிடம் எப்போது, யாரிடம் சொல்வது என்பதை யோசித்துச் செய்யுங்கள். வயதையும் அப்படியே நம்ப வேண்டாம், ஐந்தாண்டு முன்பின் இருக்கும். உயரமும் தழும்பும் நம்பத்தக்கவை, ஏனெனில் அவற்றைக் குமாஸ்தா தம் கண்ணால் பார்த்து எழுதினார்.

பெண் முன்னோரைத் தேடுவது கடினம் என்று எல்லாரும் சொல்வார்கள். இந்தப் பட்டியல்களில் அது முழு உண்மையன்று. கப்பலில் வந்த பெண்ணுக்கும் தனி எண், தனி வரி, தனி ஊர் உண்டு. நேட்டாலில் பிறந்த பெண்களின் தடம்தான் மங்கலாக இருக்கிறது. பூட்டனின் வரி படிக்க முடியாமல் போனால் பூட்டியின் எண்ணைத் தேடுங்கள். இருவரும் ஒரே ஊர் என்று எண்ணிவிட வேண்டாம், ஆனால் அவள் வழியாகவும் உங்களுக்கு ஓர் ஊர் உண்டு. அம்மாக்கண்ணு, தாயி, முனியம்மா போன்ற பெயர்கள் ஆங்கிலத்தில் படும் பாட்டைச் சொல்லி முடியாது. 'தாயி' என்பது ஏழெட்டு விதமாக வரும்.

ஊர்ப் பெயரை இனங்காண்பதை ஒரு மாதிரி வரியை வைத்து விளக்குகிறேன். பெயர் 'சினாபென்', தந்தை 'அருனாசெலும்', ஜில்லா வட ஆற்காடு, தாலுகா 'குடியாட்டும்', ஊர் 'மெல்புட்டி' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். உரக்கச் சொன்னால் சின்னப்பன், அருணாசலம், குடியாத்தம் ஆகியவை உடனே விளங்கிவிடும். 'புட்டி' என்பதில் உள்ள உகரத்தை அகரமாக்கினால் பட்டி. 'மெல்' என்பதை நீட்டினால் மேல்பட்டி. குடியாத்தம் பக்கத்தில் அந்தப் பெயரில் ஓர் ஊர் இருக்கிறது, ரயில் நிலையமும் உண்டு. அதோடு திருப்தி அடைந்துவிடாமல், அதே பழைய தாலுகாவுக்குள் மேல்பட்டி, மேலப்பட்டி, மேலப்புத்தூர் என்று வேறு ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொன்றையும் ஏன் விலக்கினீர்கள் என்று குறித்து வைக்க வேண்டும். புதூர், நல்லூர், குப்பம், பாளையம் போன்ற பெயர்கள் வந்தால் தாலுகா தெரியாமல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது.

பழைய எல்லைகளைத் தெரிந்துகொள்ளாமல் இன்றைய வரைபடத்தில் தேடுவது வீண். வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிந்தது. ஆகவே பட்டியலில் வட ஆற்காடு என்று இருக்கும் ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம். திருத்தணி 1960இல் சித்தூரிலிருந்து செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தது. எஞ்சிய வட ஆற்காடு 1989இல் இரண்டாகி, அதில் வேலூர் 2019இல் மறுபடி மூன்றாகி, இன்று திருவண்ணாமலை, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என நான்கு மாவட்டங்களாக இருக்கிறது. இந்தத் திருப்பத்தூர் 1911 வரை சேலம் ஜில்லாவில் இருந்தது. பட்டியலில் சேலம், 'டிரிபட்டூர்' என்று இருந்தால் இதுதான். மதுரைப் பக்கம் சொல்லியிருந்தால் அது இன்று சிவகங்கை மாவட்டத்தில் உள்ள திருப்பத்தூர். தென்னாற்காடு கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி ஆயிற்று. 'டிரினாமலி' திருவண்ணாமலை, 'வாண்டிவாஷ்' வந்தவாசி, 'கஞ்சீவரம்' காஞ்சிபுரம், 'சில்லம்ப்ரம்' சிதம்பரம். சென்னை மாகாண அரசு மாவட்டம், தாலுகா வாரியாக ஊர்ப் பெயர்களை அகர வரிசையில் அச்சிட்டிருக்கிறது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அதையும், பழைய மாவட்டக் கையேடுகளையும், நிலவரித் திட்டப் பதிவேடுகளையும் பார்க்கலாம்.

நிலப் பதிவேட்டில் உங்கள் பூட்டனின் பெயர் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். பத்து ஷில்லிங் மாதச் சம்பளத்துக்கு ஐந்தாண்டு கையெழுத்துப் போட்டுக் கப்பலேறியவர்களில் பெரும்பாலோருக்குப் பட்டா நிலம் இருந்திருந்தால் போயிருக்கவே மாட்டார்கள். ஊர்க் கணக்கை வைத்திருந்த பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளும் 1980இல் ஒழிக்கப்பட்டுவிட்டன. அந்த வீடுகளில் ஏதேனும் மிஞ்சியிருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். இன்றைய கிராம நிர்வாக அலுவலரிடம் ஊரின் குக்கிராமங்கள் எவை, பழைய பெயர் ஏதேனும் உண்டா என்று கேட்பது பயன் தரும். நூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய ஆளைக் கேட்டால் அவர் என்ன செய்வார்?

ஆவணம் நின்றுவிடும் இடத்தில் தெய்வம் உதவக்கூடும் என்று நான் சொல்வது பக்தியால் அன்று. ஆடி மாதத்தில் கூழ் ஊற்றும் வழக்கத்தை டர்பன் தமிழர்கள் 'பாரிட்ஜ் பிரேயர்' என்று ஆங்கிலத்தில் அழைத்தபடி இன்றும் விடாமல் செய்துவருகிறார்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றாத ஊர் நம்மிடம் குறைவு என்பதால் அது மட்டும் வழி காட்டாது. ஆனால் ஒரு குடும்பம் கங்கையம்மனைக் கும்பிடுகிறது என்றால், குடியாத்தம், சித்தூர் பக்கத்தை நோக்கி அது விரல் நீட்டுகிறது. திரௌபதியம்மனுக்குத் தீமிதிக்கும் குடும்பமானால் ஆற்காட்டு ஜில்லாக்களை முதலில் பார்க்கலாம். வீட்டுப் பூசையில் யார் பெயரைச் சொல்லிப் படையல் போடுகிறார்கள், என்ன பலியிடுகிறார்கள், எந்தக் கிழமை, யார் அதைத் தொடக்கூடாது என்பவற்றைப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் உச்சரிப்பிலேயே ஒலிப்பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். பொருள் தெரியாமல் அவர்கள் முணுமுணுக்கும் பெயர் சில சமயம் ஓர் ஊர் எல்லைச் சாமியின் பெயராக இருக்கும்.

இந்த முறை முழுவதும் எண் கிடைத்தவர்களுக்கு உரியது. தம் செலவில் பயணச்சீட்டு வாங்கி வந்தவர்களுக்கு இத்தகைய பட்டியல் இல்லை. அவர்களுக்கு வணிக உரிமம், வாரிசுக் கோப்பு, குடியேற்றத் துறைக் கடிதங்கள் ஆகியவைதான் வழி. முதல் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பி, மீண்டும் பதிந்து வந்தவர்களுக்கு இரண்டு எண்கள் இருக்கலாம். மொரீசியஸ் சென்றவர்களைத் தேடுவோர் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிலையத்தின் ஆவணங்களையும், ஃபிஜி சென்றவர்களைத் தேடுவோர் குடியேற்ற அனுமதிச் சீட்டுகளையும் பார்க்க வேண்டும். கங்காணி வழியாக இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனவர்களின் தேடல் முற்றிலும் வேறு வகையானது, அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

ஊரை உறுதி செய்துகொண்டு நேரில் போகும்போது, தென்னாப்பிரிக்கா போனவர் யார் என்று கேட்காதீர்கள். பழையவர்கள் நினைவில் அந்த நாடு இருந்தால் நேட்டால் என்றோ நெட்டால் என்றோ இருக்கும். பெரும்பாலும் அக்கரைச் சீமைக்குப் போனவர் என்பதோடு நின்றுவிடும். ஊர் நடுவில் நின்று பொதுவாக விசாரிப்பதைவிட, குலதெய்வக் கோயில் பூசாரியிடம் எந்தெந்தப் பங்காளி வகையறா மொட்டைக்கும் காதுகுத்துக்கும் இங்கே வருகிறது என்று கேட்பது மேல். ஓர் ஊரில் நான் ஒரு குடும்பத்தாரோடு போய் இறங்கியபோது, விவரம் சொல்வதற்கு முன்பே ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளிநாட்டிலிருந்து வாரிசு வந்து பங்கு கேட்கிறார் என்று பேச்சு பரவிவிட்டிருந்தது. அன்று மாலைவரை டீக்கடையில் உட்கார்ந்திருந்து அந்த அச்சத்தைப் போக்க வேண்டியிருந்தது. அதன்பின் நான் எங்கு போனாலும் முதல் வாக்கியமாக, சொத்துக்காக வரவில்லை, கும்பிட்டுவிட்டுப் போக வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். கையில் கப்பல் பட்டியலின் அந்த ஒரு வரியை, ஆங்கிலத்தில் உள்ளபடியே அன்றி, ஆள் பெயர், தந்தை பெயர், வயது, தழும்பு, உடன் சென்ற ஊர்க்காரர் பெயர்கள் எல்லாவற்றையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி நான்கைந்து பிரதிகள் எடுத்துச் செல்லுங்கள். கண் தெரியாத கிழவருக்குப் பேரன் அதை வாசித்துக் காட்டுவான்.